தை மாதத்துக் கடல்

தம்பி,

நீ கொடுத்தனுப்பிய பேங்க் பேப்பர்கள் வந்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. நான் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களிலெல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் ‘அம்மா, இங்கே’ என்று எழுதி வேறு வைத்திருக்கிறாய். இந்த எஸ்டேட்டில் பாதிப் பேருடைய மனுவையும் கடிதத்தையும் முப்பது வருடம் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவளுக்கு, கையெழுத்து எங்கே போடுவது என்று நீ சொல்லித்தர வேண்டியிருக்கிறது. சரி, போகட்டும். போனில் நான்கு முறை கேட்டுவிட்டாய். நான்கு முறையும் மழை, சரியாகக் கேட்கவில்லை, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். நன்றாகத்தான் கேட்டது. பதில் சொல்லத்தான் வாய் வரவில்லை. வாயால் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுவேன், இரண்டு பேரும் வேறு எதையாவது பேசிவிட்டு வைத்துவிடுவோம். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. உனக்குத் தெரிந்த சங்கதிகளும் இதில் வரும். எல்லாம் ஒரே இடத்தில் எழுத்தில் கிடக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன், சலித்துக்கொள்ளாமல் படி.

கடற்கரை வீடு என் பெயரில் இருக்கிறது. அதனால் அதன்மேல் மாடி எடுக்க நீ வாங்கப்போகும் கடனுக்கு என் கையெழுத்து வேண்டும். வருகிற தை மாதம் உனக்குக் கல்யாணம். அதற்குள் மேலே இரண்டு அறை போட்டுவிட்டால் கீழே நானும் அப்பாவும், மேலே நீயும் கௌசல்யாவும். கஞ்சிக்கோட்டுக் கம்பெனி வேலையை விட்டுவிட்டுக் கொச்சிப் பக்கம் ஏதாவது பார்த்துக்கொள்வாய். ஆடியில் தண்ணீர் ஏறினால் எல்லோரும் மேலே போய்விடலாம், மலை ஏறிப் போய்ச் சித்தி வீட்டு வாசலில் நிற்க வேண்டாம். இதுதானே உன் திட்டம்? கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. கௌசல்யாவின் அப்பாவிடமும் இதைச் சொல்லி அவரும் சந்தோஷப்பட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அவர் சந்தோஷப்பட்டதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்காமல் போயிற்று.

இதைச் சித்தி வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே பள்ளிவாசல் எஸ்டேட்டில் பதினோரு நாளாக மழை விடவில்லை. நீ பிறந்த லயத்துக்கு இரண்டு லயம் தள்ளி இருக்கிறது இந்த வீடு. ஒரே கூரையின் கீழ் வரிசையாக எட்டு வீடு, வீட்டுக்கு ஓர் அறை, ஓர் அடுப்படி, கடைசி வீட்டைத் தாண்டி எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். சித்தி, சித்தப்பா, அவர்கள் மகன், மருமகள், இப்போது நாங்கள் இரண்டு பேர். நேற்று சூப்பர்வைசர் குடையோடு வாசலில் நின்று, “என்னக்கா, வந்து எத்தன நாளாச்சு?” என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டார். “மழ விட்டதும் போயிருவோம் தம்பி” என்றேன். வேலையில் இருக்கும்வரைதான் இங்கே வீடு. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முப்பத்திரண்டு வருடம் கொழுந்து எடுத்த மலையில் விருந்தாளியாக வந்து கிடப்பது இது இரண்டாவது ஆடி. சித்தி வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை, பாத்திரங்களை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைக்கிறாள். பின்பக்கத்து மண் திட்டு நனைந்து ஊறிப் போயிருக்கிறது, எப்போது சரியுமோ என்று அதை வேறு ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

கடற்கரையில் வீடு வாங்கும் ஆசை எங்களுக்கு எப்படி வந்தது என்று கௌசல்யாவின் அப்பா கேட்டபோது, காற்று நல்லது, சமதரை, முட்டி வலிக்காது என்று ஏதேதோ சொன்னேன். உண்மையான காரணம் உன் அப்பாவின் காது. தேயிலை பாக்டரியில், இலை உருட்டும் ரோலர் ரூமில் இருபத்தெட்டு வருடம் நின்றவர். வெளிச்சத்தம் குறையக் குறைய, காதுக்குள் அந்த ரோலர் ஓடும் சத்தம் மட்டும் நிற்காமல் கூடிக்கொண்டே வந்தது. சாப்பிடும்போதும் ஓடும், சாமி கும்பிடும்போதும் ஓடும். டாக்டர் கொடுத்த மெஷினை மாட்டினால் அந்தச் சத்தமும் சேர்ந்து பெரிதாகிறது என்று கழற்றி எறிந்தார். நீ முதல் சம்பளம் வாங்கிய வருடம் எங்களை ஆலப்புழைப் பக்கம் கடல் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனாயே, ஞாபகம் இருக்கிறதா? நீ ஐஸ்கிரீம் வாங்கப் போயிருந்தாய். இவர் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது, மயக்கம்தான் வருகிறதோ என்று நான் ஓடினேன். “ஏ புள்ள, இங்க நின்னா மட்டும் அது நிக்குது” என்றார். அலைச் சத்தத்தில் காதுக்குள் இருந்த சத்தம் அமுங்கிவிட்டதாம். அத்தனை வருடத்தில் அன்றுதான் அவர் கண் கலங்கிப் பார்த்தேன். ஊருக்குப் போகலாம் என்று நீ மூன்று முறை கூப்பிட்டும் அவர் நகரவில்லை.

அதன் பிறகு எங்களுக்கு வேறு எந்த ஊரும் பிடிக்கவில்லை. தெற்கே பூர்வீகம் என்று ஓர் ஊரைத் தாத்தா காலத்தில் சொல்வார்கள், அங்கே எங்களை யாருக்கும் தெரியாது. கம்பத்துக்குப் போய்விடலாம், சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்று சித்தப்பா சொன்னார். இவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: கடல் சத்தம் கேட்கிற, மற்றபடி சத்தமில்லாத ஓர் இடம். எனக்கும் வேறு ஒரு ஆசை இருந்தது. மழை பெய்தால் மேலேயிருந்து என்ன வருமோ என்று பார்த்துப் பார்த்தே என் காலம் போய்விட்டது. கடற்கரையில் தலைக்கு மேல் மலை கிடையாது. அது ஒன்றே போதும் என்று நினைத்தேன். ஆபத்து மேலேயிருந்துதான் வரும் என்பது மலையில் இருப்பவர்களின் புத்தி. எதிரே இருந்தும் வரும், காலடியிலிருந்தும் வரும் என்று எனக்கு யார் சொல்லித்தந்தார்கள்?

முதல் தப்பு, நாங்கள் அந்த ஊரைப் பார்க்கப் போன மாதம். மழைக்காலம் முடிந்து கொழுந்து பொங்குகிற மாதங்களில் லீவு கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பனி விழுந்து செடி சுருண்டு கிடக்கும் தை மாதம்தான் எங்களுக்கு ஊர் சுற்றக் கிடைக்கிற மாதம். பழனிக்குப் போனாலும் தை, பெண் பார்க்கப் போனாலும் தை. அப்படியே கடலையும் தை மாதத்தில் போய்ப் பார்த்தோம். கடல் எங்கேயோ தொலைவில் இருந்தது. வீட்டு வாசலிலிருந்து வெள்ளை மணலில் நடந்து போகப் போக வந்துகொண்டே இருந்தது. மணலில் பாதி புதைந்து வரிசையாகப் பெரிய பெரிய கருங்கற்கள். “உக்காந்து பாக்கக் கல்லெல்லாம் போட்டுருக்கான் பாரு” என்று அப்பா மெச்சிக்கொண்டு அதில் உட்கார்ந்தார், நானும் உட்கார்ந்து கொண்டுபோன கப்பக்கிழங்கைப் பிரித்தேன். அது கடலைத் தடுப்பதற்குக் கட்டிய சுவர் என்றும், சுவர் மண்ணுக்குள் இறங்கித் தலை மட்டும் வெளியே தெரிகிறது என்றும் எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் அதன் தலையில் உட்கார்ந்து கிழங்கு தின்றுவிட்டு வந்தோம்.

தெரு அவ்வளவு அமைதி. பதினேழு வீடுகளில் ஒன்பதில் ஆள் இல்லை. வளைகுடாவில் இருக்கிறார்கள், வருடத்துக்கு ஒரு முறை வருவார்கள் என்றார் வீட்டை விற்க வந்தவர். நாங்களும் நம்பினோம். வளைகுடாக்காரன் பூட்டிவிட்டுப் போன வீட்டில் ஜன்னல் இருக்கும், கதவு இருக்கும். இந்த வீடுகளில் ஜன்னலையும் நிலையையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. ஒரு தெரு அமைதியாக இருந்தால் ஏன் அமைதியாக இருக்கிறது என்று கேட்க வேண்டும், தம்பி. கொடியில் குழந்தைத் துணி காய்கிறதா, சாயங்காலம் கடையில் கூட்டம் நிற்கிறதா, தென்னை மரம் நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வாழ்கிற இடத்தில் சத்தம் இருக்கும். இவர் காதுக்கு அமைதி வேண்டும் என்று தேடித் தேடி, எல்லோரும் விட்டுவிட்டுப் போன இடத்தைக் கண்டுபிடித்தோம்.

இரண்டாவது தப்பு ஒரு வார்த்தையில் வந்தது. லயத்தில் இருந்தவளுக்கு எந்த வீட்டைப் பார்த்தாலும் முதலில் கேட்கத் தோன்றுவது தண்ணீர்தான். காலையில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வந்து அடுப்பு மூட்டி, மறுபடி ஓடி, முன்னால் நிற்பவளிடம் வாய்ச்சண்டை போட்டு, அந்தக் குழாயடியில் என் வயது பாதி போயிற்று. அதனால் பக்கத்து வீட்டு வேலியில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த சேச்சியிடம் போய் எனக்குத் தெரிந்த மலையாளத்தில், “இவிடெ வெள்ளம் எங்ஙனெ சேச்சி?” என்று கேட்டேன். மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். அந்தச் சேச்சி என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் நின்ற வீட்டு விற்பனைக்காரரைப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே, “வெள்ளமோ? வெள்ளம் வீட்டினகத்துத் தன்னெ வரும். கோரான் போகண்டா” என்றாள். தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வரும், மொண்டுவர எங்கேயும் போக வேண்டாம் என்று அர்த்தம். உன் அப்பா, “என்னவாம்?” என்றார். நான் அவர் காதில் கத்தினேன்: “தண்ணி வீட்டுக்குள்ளயே வருதாம்!” அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து நேற்று வந்து இறங்கியவளாக நான் இருந்திருந்தால், வெள்ளம் வீட்டுக்குள் வரும் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் குடையை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பேன். மூன்று தலைமுறையாகக் கேரளத்தில் இருந்து, அவர்கள் பேச்சைக் கற்றுக்கொண்டதால்தான் ஏமாந்தேன்.

இதுவரைக்கும் நான் சொன்னது தெரியாமல் செய்த தப்பு. இனிமேல் சொல்லப்போவது அப்படி இல்லை. பத்திரம் எழுதுவதற்கு முன்னால் இன்னொரு முறை வீட்டைப் பார்க்கப் போனோம். அப்பா முன்வாசலில் விற்பவரோடு நின்றுகொண்டிருந்தார். நான் அடுப்படியை அளந்து பார்க்க உள்ளே போனேன். புதுச் சுண்ணாம்பு வாசனை. முழங்கால் உயரத்தில் சுவர் முழுக்க ஒரே கோடாகச் சின்னச் சின்னக் கொப்புளங்கள். ஒன்றை விரலால் அழுத்தினேன், காரை உதிர்ந்து கையில் வந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. அந்த நிமிஷம் சேச்சியின் சிரிப்புக்கு அர்த்தம் புரிந்துவிட்டது. வெளியே போய், “ஏங்க, இது வேண்டாங்க” என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சுவரோரம் ஒரு மரப் பெஞ்சு கிடந்தது. அதை இழுத்து அந்த இடத்துக்கு முன்னால் போட்டேன். பிறகு வாசலுக்கு வந்து, அடுப்படி தோதாக இருக்கிறது என்று சொல்லி, அப்பாவையும் உள்ளே கூட்டிப் போய்ச் சிரித்துக்கொண்டே காட்டினேன்.

ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்பாய். லயத்து வீட்டை ஒப்படைக்க இன்னும் இருபது நாள்தான் இருந்தது. அது ஒரு காரணம். ஆனால் அதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. எனக்கு அந்த வீடு வேண்டியிருந்தது. ஒரு சமையல் மேடை, எட்டினால் குழாய், நான்கு பக்கமும் எனக்கே எனக்கான சுவர், யாரும் கேட்டு வாங்கிக்கொள்ள முடியாத ஒரு சாவி. ஐம்பத்தெட்டு வயதில் அது கைக்கு வந்த பிறகு, உப்பு என்று சொல்லித் தட்டிவிட எனக்கு மனசு வரவில்லை. வருடத்துக்கு ஒரு நாள் இரண்டு நாள் வருமாக்கும், துடைத்துவிட்டால் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த முதல் ஆடியில் தண்ணீர் வந்தபோது உனக்குப் போனில் என்ன சொன்னேன்? முற்றத்தோடு நின்றுவிட்டது, பயந்துபோய்தான் சித்தி வீட்டுக்கு ஏறி வந்தோம் என்றேன். பொய். கட்டில் சட்டம் வரைக்கும் வந்தது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது வாசலில் நுரை தெரிந்தது, சோற்றுத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டே எழுந்தோம். கழிப்பறை நிறைந்து அந்தத் தண்ணீரும் சேர்ந்து வீடெல்லாம் நின்றது. கடலை ஒட்டிய கடைசி வரிசையில், அதற்கு முந்தின வருடம்தான் மாடி எடுத்த ஒரு வீடு. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அஸ்திவாரத்து மணலை அலை இழுத்துக்கொண்டு போய், கீழ்வீடு உட்கார்ந்து, மாடி அதன்மேல் சாய்ந்தது. அந்த வீட்டுக்காரர் மாடியில்தான் அரிசியையும் டிவியையும் ஏற்றி வைத்திருந்தார். மறுநாள் சேச்சி எங்களுக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “ஞான் அன்னே பறஞ்ஞதல்லே?” என்றாள். அன்றைக்கே சொன்னேன் அல்லவா என்று கேட்கிறாள். ஆமாம், சொன்னாள். நீ ஆவணியில் வந்தபோது நான் சுவரெல்லாம் கழுவி, பாய் விரித்து, உனக்கு மீன் குழம்பு வைத்திருந்தேன். கட்டில் கால் ஏன் துரு பிடித்திருக்கிறது என்று கேட்டாய், கடல் காற்று என்றேன்.

இதையெல்லாம் விட என்னை அரிப்பது கௌசல்யா விஷயம். போன தை மாதம் மாப்பிள்ளை வீடு பார்க்க அவர்கள் வந்தார்கள். நீ தேதி கேட்டபோது தை மாதமே நல்லது என்று சொன்னவள் நான்தான், கவனித்தாயா? கொழிஞ்சாம்பாறையிலிருந்து காரில் வந்து இறங்கினார்கள். அவள் அப்பா மணலில் இறங்கி நின்று, “நல்ல அமைதியான எடமுங்க சம்பந்தி. எங்க பக்கம் ரோட்டுல ராப்பகலா லாரிச் சத்தமுங்க” என்றார். அவரும் அதே கருங்கல்லில்தான் உட்கார்ந்தார். கௌசல்யா என் பின்னாலேயே அடுப்படிக்கு வந்தாள். பாத்திரம் எடுத்துக் கொடுத்தாள், காபித்தூள் எங்கே என்று அவளே தேடினாள். பிறகு, “ஏனுங்க அத்தை, இங்க தண்ணியெல்லாம் எப்படிங்க? எங்கூர்ல சித்திர வந்துட்டா லாரித் தண்ணிதானுங்க. காலேஜுக்குப் போறப்பக் கூடக் கொடத்த ரொப்பி வெச்சுட்டுத்தான் போவோணும்” என்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். குழாயடியில் நின்று நின்று எனக்கு இருந்த அதே கவலை. என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? “இங்க வீட்டுக்குள்ளயே வரும் கண்ணு” என்றேன். அவள் சிரித்துவிட்டு, “அப்ப நீங்க குடுத்து வெச்சவங்கதானுங்க அத்தை” என்றாள்.

சேச்சியாவது விற்பனைக்காரருக்குப் பயந்து அப்படிச் சொன்னாள். எனக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. தெரிந்தே, அர்த்தம் புரிந்தே, என் வீட்டுக்கு வரப்போகிற பெண்ணிடம் அந்தச் சொல்லைச் சொன்னேன். அவள் வந்து இறங்கப்போவதும் தை மாதத்தில்தான். அவளும் ஆறு மாதம் கடல் அழகாக இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டிருப்பாள். அதற்குப் பிறகு வயிற்றில் பிள்ளையோடு அவள் அந்தத் தண்ணீரில் நிற்பதை நான் பார்க்க வேண்டும். முடியாது, தம்பி. நான் கல்நெஞ்சுக்காரிதான், ஆனால் அவ்வளவு இல்லை.

போன வாரம் உன் அப்பாவிடம் சொன்னேன். காதில் கத்தினால் எட்டு வீட்டுக்கும் கேட்கும், அதனால் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். சுவரில் உப்பைப் பார்த்தது, பெஞ்சை இழுத்துப் போட்டது, கௌசல்யாவிடம் சொன்னது, எல்லாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். அடிப்பாரோ, திட்டுவாரோ, பேசாமல் எழுந்து போய்விடுவாரோ என்று நான் உட்கார்ந்திருந்தேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “எனக்குக் காதுதான புள்ள கேக்காது? கண்ணு நல்லாத்தான தெரியுது” என்றார். பெஞ்சு இடம் மாறிக் கிடந்ததைப் பார்த்து, அதற்குப் பின்னால் என்ன என்று அவரும் அன்றைக்கே குனிந்து பார்த்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில், பிறகு ஏன் வாங்கினீர்கள் என்று கத்தியேவிட்டேன், எட்டு வீட்டுக்கும் கேட்டிருக்கும். “நீ அடுப்படில நின்னு சிரிச்ச. கல்யாணம் ஆனதுலருந்து அப்பிடி ஒரு சிரிப்ப நான் பாக்கல. அதக் கெடுக்க மனசு வரல” என்றார். பிறகு, “பயகிட்ட எழுதிரு. கையெழுத்து மட்டும் போட்றாத” என்றார். அவ்வளவுதான் பேசினோம். நான் அவருக்காக வாங்கினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவர் எனக்காக வாங்கியிருக்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து உன் கழுத்தில் கட்டிவிட்டோம்.

விற்றுவிடலாமே என்பாய். யாரிடம்? தை மாதத்தில் கடல் பார்க்க வருகிற இன்னொரு குடும்பத்திடமா? அந்தப் பாவத்தை இனியும் செய்ய மாட்டேன். அரசாங்கம் கரையில் இருப்பவர்களுக்கு வேறு இடம் கொடுக்கிறது, சேச்சிக்குக் கூடக் கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் போகிறாள். எங்கள் மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் பிறகு வந்தவர்களாம், கடல் தொழில் செய்பவர்களும் இல்லையாம். எத்தனையோ பேருக்கு மனு எழுதிக் கொடுத்துக் காரியம் நடந்திருக்கிறது, எனக்காக எழுதியது மட்டும் நடக்கவில்லை. உன்னோடு வந்து இருக்கச் சொல்வாய், அதுவும் தெரியும். கஞ்சிக்கோட்டில் உன் அறையில் அப்பா மூன்று நாள் இருந்தது உனக்கு மறந்திருக்காது. பக்கத்துக் கம்பெனி மெஷின் சத்தமும் காதுக்குள் ஓடுவதும் சேர்ந்து, மூன்றாம் நாள் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டார். மழை விட்டதும் நாங்கள் கீழே இறங்கி, மணலை அள்ளிக் கொட்டிவிட்டு அந்த வீட்டிலேயே இருப்போம். அவருக்கு அந்தச் சத்தம் வேண்டும். அடுப்படிச் சுவர் இந்த வருடம் விரிசல் விட்டுவிட்டது என்று சேச்சி போனில் சொன்னாள். இன்னும் ஓர் ஆடி தாங்கலாம், இரண்டு தாங்காது. அதன் பிறகு எங்கே என்று எனக்குத் தெரியாது. எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதி உன்னை ஏமாற்ற எனக்கு இஷ்டமில்லை. இது சரியாகாது.

பேப்பர்களை இத்துடன் வைத்திருக்கிறேன். எதிலும் கையெழுத்து இல்லை. கம்பெனி வேலையை விட்டுவிடாதே. நீ எங்கே வீடு பார்த்தாலும் மழைக்காலத்தில் போய்ப் பார், விற்பவன் பக்கத்தில் இல்லாதபோது அக்கம்பக்கத்தில் கேள், சுவரில் கை வைத்துப் பார். கடலோரமாக இருக்க வேண்டும் என்பதில்லை. வாடகைக்கு ஓர் அறையாக இருந்தாலும் பரவாயில்லை. முதல் முதலாக வருகிற பெண் மாப்பிள்ளை வீட்டில் விளக்கேற்ற வேண்டும் என்பார்கள். மாப்பிள்ளைக்குச் சொந்த வீடு இல்லை என்று அவர்களிடம் சொல்லிவிட வேண்டும், கல்யாணத்துக்கு முன்னால், இந்த மாதமே.

அதை நீயே சொல்வாய் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுதியதை மூடி வைத்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். நீ எங்கள் பிள்ளை. ஒரு சுவரைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் வாயை மூடிக்கொண்ட இரண்டு பேருக்குப் பிறந்தவன். நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம், அவள் மனசு நோகாமல் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பாய், தை வந்துவிடும். அதனால் இந்தக் கடைசிப் பத்தி ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, மற்றதை வரி விடாமல் இன்னொரு முறை எழுதி, கௌசல்யாவின் பெயருக்கு நேற்றே தபாலில் போட்டுவிட்டேன். உனக்கு இது வந்து சேரும்போது அவளும் படித்து முடித்திருப்பாள். கல்யாணம் நின்றுபோனால் என்னைத் திட்டு, நான் கேட்டுக்கொள்கிறேன். நின்றுபோகும் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

அம்மா